தாறுமாறான நாடிக்கு ஆஸ்பிரின் போதாது



பேச்சைத் தொடங்குமுன் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு நேராக, மணிக்கட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, வலது கையின் நடு மூன்று விரல்களையும் வையுங்கள். அழுத்த வேண்டாம், பட்டும் படாமல் வைத்தால் போதும். துடிப்பு கிடைக்கிறதா? அரை நிமிடம் அப்படியே இருங்கள். எண்ண வேண்டாம், தாளத்தை மட்டும் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் இருந்தால் அது இயல்புதான். நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போய் மறுபடி ஒழுங்காக ஓடினாலும் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் சிலருக்கு அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. ஒன்று பலமாக இருக்கும், ஒன்று விரலுக்கு எட்டாது. இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. கடைசிவரை எந்த ஒழுங்குக்கும் வராது. அப்படிப்பட்ட நாடி உள்ளவர் தாமதிக்காமல் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

அந்த நாடிக்குக் காரணமாக இருக்கக்கூடிய நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஏ.எஃப். என்போம். சிலருக்குப் படபடப்பு இருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வேறெதற்கோ போன இடத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். இந்த நோய் வந்தவர்களுக்குப் பக்கவாதத்தைத் தடுக்க எந்த மாத்திரை கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தைப் பொதுமேடையில் ஏன் பேசுகிறாய் என்று கேட்கலாம். மருத்துவ உலகம் இதைப் பேசித் தீர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவுக்குத்தான் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சுருங்கி விரிய வேண்டிய இதயத்தின் மேலறைகள், இந்த நோயில் 350 முறைக்கும் மேல் நடுங்குகின்றன. நடுங்குகின்றனவே தவிர, சுருங்குவதில்லை. ரத்தம் கீழறைக்கு முழுதாக இறங்காமல் உள்ளேயே தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை இருக்கிறது. உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி எக்கோ பார்த்தால், அந்தப் பைக்குள் ரத்தம் சுருள் சுருளாகப் புகை மாதிரி மெல்ல நகர்வதைத் திரையில் பார்க்கலாம். புகை என்றேதான் நாங்களும் அதைச் சொல்கிறோம். புகை தெரிகிற இடத்தில் கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளின் இடது மேலறையில் கண்டெடுக்கப்படும் ரத்தக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அந்தச் சின்னப் பையில்தான் இருக்கின்றன.

அங்கிருந்து ஒரு துண்டு விடுபட்டால் அது இடது கீழறைக்கு வந்து, பெருந்தமனியில் ஏறி, பல சமயம் நேராக மூளைக்குப் போகிறது. வந்த வேகத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாயை அடைத்துக்கொள்கிறது. ஏ.எஃப். கொண்டுவரும் பக்கவாதம் மற்றப் பக்கவாதங்களைவிடக் கொடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரின் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1991ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த நோய் இருந்தால் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதங்களில் 1.5 சதவீதத்துக்குத்தான் ஏ.எஃப். காரணம். எண்பதுகளில் அது 23.5 சதவீதம். வயதான வீட்டில்தான் இந்த நோய்க்கு வேலை அதிகம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வயதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். நம் உடம்பில் ரத்தம் உறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவு வெடித்துப் புண்ணானால், ஓடுகிற ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து அந்தப் புண்ணின்மேல் அப்பிக்கொள்கின்றன. டெங்கு காலத்தில் எல்லோரும் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தோமே, அதே தட்டணுக்கள். மாரடைப்பு வருவது இந்த வழியில். மற்றொரு வழியில் காயம் என்று ஒன்றும் வேண்டியதில்லை. ரத்தம் தேங்கினாலே போதும். ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைபுரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரின் என்ற நார்நாரான புரதம் உண்டாகி, அதில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டியாகும். இடது மேலறையின் பையில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி.

ஆஸ்பிரின் வேலை செய்வது முதல் வழியில். அது எப்படி வேலை செய்கிறது என்று 1971ல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அதற்காக 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவால் அந்த நொதியைத் திரும்பச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுள் ஏழு முதல் பத்து நாள், அதுவரை அது செயலற்றே திரியும். மாரடைப்பில் இதன் பலன் அபாரமானது. 1988ல் வெளியான ஐ.எஸ்.ஐ.எஸ்.-2 ஆய்வில் 17,187 பேர் சேர்க்கப்பட்டார்கள். மாரடைப்பு வந்ததும் ஆஸ்பிரின் தொடங்கியவர்களிடம் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. விலையோ மிகக் குறைவு. எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். இப்படி நியாயமாகச் சம்பாதித்த பெயரோடுதான் ஆஸ்பிரின் ஏ.எஃப். நோயாளியின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இதய நோய்க்கு நல்லது என்றால் இந்த இதய நோய்க்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாவது வழியை அடைக்கும் மருந்துகள் வேறு. அவற்றை உறைவுத்தடுப்பு மருந்துகள் என்கிறோம். அவற்றில் மூத்தது வார்ஃபரின். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மருந்தின்மேல் உள்ள பயமும் அந்தக் கதையில்தான் தொடங்குகிறது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு சீவினாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனப்புல்லைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்று ஃப்ராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டார். 1933 பிப்ரவரியில், பனிப்புயல் அடித்த ஒரு சனிக்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்தின் எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்துப்போன கிடாரியையும், ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் நகரத்துக்கு வந்தார். கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. எதிர்ப்பட்ட ஒரு கதவைத் தட்டினார். அது பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்கூடம். அந்தப் பால்கேனில் இருந்த ரத்தத்தின் புதிரைத்தான் லிங்க்கும் அவரது மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் துரத்தினார்கள். 1939ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவான இன்னொரு பொருள்தான் வார்ஃபரின். 1948ல் முதலில் எலிமருந்தாகத்தான் கடைக்கு வந்தது.

1951ல் அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்த ஒருவர் தற்கொலை எண்ணத்தில் அதைத் தின்றார். வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மாற்று மருந்து கையில் இருக்கிறது என்ற தைரியம் மருத்துவர்களுக்கு வந்தது. 1954ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1955ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். ஆனாலும் எலிமருந்து என்ற பெயர் இன்றுவரை அதை விடவில்லை. ரத்தத்தில் உறைபுரதங்கள் உருவாக வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையை முடக்குகிறது. அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் ரத்தம் கசியும். எனவே ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும்படி அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்களில் வார்ஃபரினைவிட அதன் உடன்பிறப்பான அசினோகூமரால்தான் அதிகம் புழங்குகிறது. அசிட்ரோம் என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ஆஸ்பிரினையும் வார்ஃபரினையும் நேருக்கு நேர் நிறுத்திய முதல் பெரிய ஆய்வு கோபன்ஹேகனில் நடந்து 1989ல் வெளியானது. ஏ.எஃப். இருந்த 1,007 பேரை ஏறக்குறையச் சமமான மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வார்ஃபரின், ஒன்றுக்கு தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 21 பேருக்கு ரத்தக்கட்டியால் பாதிப்பு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் 5 பேருக்கு. 21, 20, 5. எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1991ல் அமெரிக்காவில் வந்த ஸ்பாஃப் ஆய்வு, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் பக்கவாதத்தை 42 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அந்த ஆய்வைத் திறந்து உள்ளே பார்த்தால் ஒரு விசித்திரம். வார்ஃபரின் கொடுக்கத் தகுந்தவர்கள் என்று பிரித்த பகுதியில் ஆஸ்பிரினுக்கு மிகப் பெரிய பலன். வார்ஃபரின் கொடுக்க முடியாதவர்கள் என்று பிரித்த பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 75 வயதைத் தாண்டியவர்களிடமும் பலன் தெரியவில்லை. அதாவது, வார்ஃபரினுக்குப் பயந்து யாருக்கெல்லாம் நாம் ஆஸ்பிரின் கொடுக்கிறோமோ, சரியாக அவர்களிடம் அது பலிக்கவில்லை. ஆனால் 42 என்ற எண் மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது. ஆஸ்பிரினுக்கு அது இருபது ஆண்டு ஆயுள் கொடுத்தது என்பது என் கருத்து. 2006ல் ஜப்பானில், மருந்தே கொடுக்காதவர்களோடு ஆஸ்பிரினை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் எந்த லாபமும் தெரியாததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். 2007ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வார்ஃபரின் பக்கவாதத்தை 64 சதவீதம் குறைப்பதும், ஆஸ்பிரின் வகை மருந்துகள் 20 சதவீதத்தை ஒட்டியே நிற்பதும் தெரிந்தது. ஒரு ஆஸ்பிரின் போதாவிட்டால் தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெலையும் கூடவே சேர்த்துக்கொடுத்தால் என்ன என்று 6,706 பேரிடம் பார்த்தார்கள். 2006ல் அதுவும் வார்ஃபரினிடம் தோற்றது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டுக்கு ஒரு பாட்டியம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயது 78. காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனவர் வலது பக்கமாகச் சரிந்திருக்கிறார். வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது ஓரளவு புரிகிறது. மகனின் பெயரைக் கேட்டால் இடது கையால் மகனைத் தொட்டுக் காட்டுவார், வாயில் வராது. அந்த மகன் ஒரு மஞ்சப்பையில் எல்லாச் சீட்டுகளையும் ஒழுங்காக வைத்திருந்தார். அதில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஈ.சி.ஜி. தாள், நான்காக மடித்தது. ஓரத்தில் ஏ.எஃப். என்று பேனாவால் எழுதியிருந்தது. அதோடு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அட்டை, பாதி தீர்ந்திருந்தது.

“ரத்தம் உறையாம இருக்கத்தானே சார் இதைக் குடுத்தாங்க? ஒரு ராத்திரிகூட விடலையே, சாப்பாடு முடிஞ்சதும் நானே கையில குடுத்துடுவேன்” என்றார்.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கொடுத்த மாத்திரையை ஒருநாள் தவறாமல் கொடுத்திருக்கிறார். மாத்திரை எழுதிய மருத்துவரும் அலட்சியத்தில் எழுதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். வயதாகிவிட்டது, தனியாக நடமாடுகிறார், விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆவது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது, இதெல்லாம் யோசித்துத்தான் மென்மையானது என்று நினைத்த ஒன்றை எழுதியிருப்பார். எனக்கு வேதனை அங்கேதான். அந்த வீட்டில் நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்தும் தவறாமல் உள்ளே போயிருக்கிறது, அக்கறைக்கும் பஞ்சமில்லை. ஆஸ்பிரினையும் உறைவுத்தடுப்பு மருந்தையும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால், வேறு மாத்திரை என்று ஒன்று உண்டு என்பதே அந்த மகனுக்குத் தெரிய வழியில்லாமல் போனது.

வயதானவருக்கு உறைவுத்தடுப்பு மருந்து ஆபத்து, ஆஸ்பிரின் பத்திரம் என்ற எண்ணத்தை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள். பாஃப்டா என்ற அந்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு வருபவர்களை விட்டுவிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள குடும்ப மருத்துவர்களிடம் சிகிச்சை பெறும் சாதாரண முதியவர்களையே சேர்த்தார்கள். எல்லோரும் 75 வயதும் அதற்கு மேலும். சராசரி வயது 81.5. 488 பேருக்கு வார்ஃபரின், 485 பேருக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். சராசரியாக 2.7 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கடுமையான பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு, வேறு உறுப்பில் அடைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினார்கள். ஆஸ்பிரின் பக்கம் 48, வார்ஃபரின் பக்கம் 24. சரிபாதி. மூளைக்கு வெளியே ஏற்பட்ட பெரிய ரத்தக்கசிவு ஆண்டுக்கு வார்ஃபரினில் 1.4 சதவீதம், ஆஸ்பிரினில் 1.6 சதவீதம். பத்திரம் என்று நினைத்தது பத்திரமாகவும் இல்லை, காக்கவும் இல்லை.

ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் ரசாயனத்தையும் அது தடுக்கிறது. தெரிந்தும், தலைவலிக்குப் போட்டுப் பழகிய மாத்திரை என்பதால் அதனால் வரும் ரத்தக்கசிவை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

பாஃப்டாவுக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஐ.என்.ஆர். ஒழுங்காகப் பார்க்கும் நாட்டில் அது சரி, பார்க்க முடியாதவர்களுக்கு என்ன வழி? நியாயமான கேள்வி. கிராமத்திலிருந்து பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, மாலையில் ரிசல்ட் வாங்கி, மருத்துவரைப் பார்த்துத் திரும்ப ஒருநாள் கூலி போய்விடும். அந்தக் கேள்விக்கு 2011ல் அவெரோஸ் ஆய்வு பதில் சொன்னது. 36 நாடுகளில், ஏதோ ஒரு காரணத்தால் வார்ஃபரின் வகை மருந்து ஒத்துவராது என்று முடிவுசெய்யப்பட்ட 5,599 பேர். பலர் அதை முயன்று விட்டவர்கள். அவர்களில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின். மறு பாதிக்கு அபிக்ஸாபான் என்ற புதுவகை உறைவுத்தடுப்பு மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. இதற்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம். ஆய்வை முடிவுவரை நடத்தவே முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆஸ்பிரின் குழுவை அப்படியே விட்டுவைப்பது தர்மமில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். ஆஸ்பிரின் பக்கம் 113 பேருக்குப் பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ வந்திருந்தது, அபிக்ஸாபான் பக்கம் 51 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் 39 பேருக்கு, அபிக்ஸாபானில் 44 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். மண்டைக்குள் ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் 13, அபிக்ஸாபானில் 11.

இதற்குப் பிறகு வழிகாட்டு நெறிகளும் மாறின. 2014ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஏ.எஃப். நோயில் பக்கவாதத்தைத் தடுப்பதற்கென்று ஆஸ்பிரினைத் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று எழுதியது. 2020ல் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கமும், 2023ல் அமெரிக்கச் சங்கங்களும் அதையே சொல்லிவிட்டன. டாபிகாட்ரான், ரிவராக்ஸாபான், அபிக்ஸாபான், எடாக்ஸாபான் என்று நான்கு புதிய மருந்துகள் இருக்கின்றன. மண்டைக்குள் ரத்தம் கசிவது வார்ஃபரினைவிட இவற்றில் கணிசமாகக் குறைவு. காப்புரிமை முடிந்த பிறகு இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது.

பிறகும் ஏன் ஆஸ்பிரின் எழுதப்படுகிறது? 2006ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்த ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தான் வார்ஃபரின் கொடுத்த நோயாளிக்குப் பெரிய ரத்தக்கசிவு வந்ததைப் பார்த்த மருத்துவர்கள், அதற்குப் பிறகு மற்ற நோயாளிகளுக்கும் வார்ஃபரின் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வார்ஃபரின் கொடுக்காமல் விட்ட நோயாளிக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்த மருத்துவர்களோ, அதற்குப் பிறகு கூடுதலாக எழுதத் தொடங்கவில்லை. ரத்தக்கசிவு வந்தால் அது நான் கொடுத்த மருந்தால் வந்தது என்று மனம் உறுத்துகிறது. பக்கவாதம் வந்தால் அது விதி, வயது என்று போய்விடுகிறது. குடும்பங்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன. கொடுக்காமல் விட்ட மருந்துக்காக யாரும் வந்து சண்டை போடுவதில்லை. இந்தக் கணக்கு நோயாளிக்கு இழைக்கப்படும் அநீதி. கை விழுந்தவருக்கு அது எந்தப் பக்கத்துத் தவறால் விழுந்தது என்பதில் என்ன ஆறுதல்?

விழுந்துவிடுவாரே என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1999ல் கனடிய ஆய்வாளர்கள் போட்டது. விழுவதால் மண்டைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து, வார்ஃபரினால் கிடைக்கும் லாபத்தை விழுங்க வேண்டுமானால், அந்த முதியவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 295 முறை விழ வேண்டும். இது கணிதம்தான், ஒவ்வொரு பாட்டிக்கும் அப்படியே பொருந்தாது. அடிக்கடி விழுபவருக்குக் கைத்தடியும், குளியலறையில் கைப்பிடியும், கண்புரை இருந்தால் அறுவையும் செய்து கொடுப்பது நம் கடமை. மாத்திரையை நிறுத்துவது அதற்குப் பரிகாரம் ஆகாது.

ரத்தக்கசிவு பெரிய விஷயமில்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மால் குறைக்கக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது முதலாவது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை விடுவது இரண்டாவது. மது. பிறகு, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளும் லேகியங்களும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினோ உறைவுத்தடுப்பு மருந்துகளின் பலத்தையே குறைத்துவிடும், எனவே காசநோய் மருந்து தொடங்கும்போது இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

கீரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கீரையில் வைட்டமின் கே உண்டு, ஆகவே சாப்பிடவே கூடாது என்று பல வீடுகளில் முருங்கைக்கீரை, அரைக்கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் எப்போதும் இரண்டு நாள் சாப்பிடுங்கள். ஒரு மாதம் அறவே நிறுத்தி அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். புது மாத்திரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை.

நம் நாட்டுக்கென்று ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், முப்பது நாற்பது வயதிலேயே ஏ.எஃப். வந்தவர்கள் இங்கே நிறைய. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஏழைகள். இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்ற ஏ.எஃப். நோயாளிகளைவிட இன்னும் பல மடங்கு அதிகம். ஆஸ்பிரின் இவர்களுக்கு எதுவும் செய்யாது. புதிய மாத்திரையும் வேண்டாம் என்று 2022ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயனும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் 24 நாடுகளின் ருமாட்டிக் நோயாளிகள் 4,500க்கும் மேல் இருந்தார்கள். ரிவராக்ஸாபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்கள் அதிகம் பேர் உயிர் பிழைத்திருந்தார்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய மருந்துதான். கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்கள் அதைச் சாப்பிடும்போது மருத்துவரோடு முன்கூட்டியே பேச வேண்டும், அது சிசுவைப் பாதிக்கக்கூடியது.

சரி, வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறது, நாளைக்கே நிறுத்திவிடலாமா? கூடாது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் என்றால் அந்த ஆஸ்பிரினுக்கு வேறு வேலை இருக்கிறது. தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஏ.எஃப்.பும் ஸ்டென்ட்டும் சேர்ந்து இருந்தால் கொஞ்ச காலம் இரண்டு வகை மருந்தும் வேண்டும். ஓராண்டு கழிந்து நிலைமை சீராக இருந்தால் பெரும்பாலும் உறைவுத்தடுப்பு மருந்து ஒன்றே போதும் என்று 2019ல் ஜப்பானின் அஃபைர் ஆய்வு சொல்லியிருக்கிறது. ஏ.எஃப். தவிர வேறொன்றும் இல்லாத இளைஞருக்கு இரண்டுமே தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பலவீனமாதல், ரத்தக்குழாய் நோய், முன்பே வந்த பக்கவாதம், 65, 75 என்ற வயதுப் படிகள், இவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். 75 வயது தாண்டினாலே இரண்டு மதிப்பெண்.

கண்டுபிடிப்பதற்கு நம்மிடம் ஆள்பலம் இருக்கிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி வீட்டுக்கு வரும் சகோதரிகள் மெஷினின் பட்டையைக் கையில் சுற்றும்போதே அரை நிமிடம் நாடியையும் தொட்டுப் பார்த்தால் எத்தனையோ பேர் முன்கூட்டியே தெரியவருவார்கள். இது என் வேண்டுகோள். அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. சமீப காலமாக ஒரு புதுப் பழக்கத்தைப் பார்க்கிறேன். ஆஸ்பிரினை விட்டுவிட்டு உறைவுத்தடுப்பு மாத்திரைக்கு மாறியாகிவிட்டது, ஆனால் பயம் போகவில்லை. ஆகவே பாதி அளவு. அபிக்ஸாபான் 5 மில்லிகிராம் இரண்டு வேளை என்பதை 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை என்று எழுதுகிறார்கள். அல்லது மருத்துவர் முழு அளவு எழுதியும், வீட்டார் செலவுக்காகவோ பயத்துக்காகவோ ஒரு வேளை மட்டும் கொடுக்கிறார்கள். அந்த மருந்தின் வீரியம் அரை நாளில் இறங்கிவிடும். ஒரு வேளை என்றால் மீதி நேரம் போதிய காவல் இல்லை. தேவையில்லாமல் அளவைக் குறைத்தவர்களிடம் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவாதம்தான் கூடியது என்று பின்னாளில் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

அபிக்ஸாபானைப் பாதியாகக் குறைக்க விதி இருக்கிறது. வயது 80ம் அதற்கு மேலும், எடை 60 கிலோவும் அதற்குக் கீழும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவு 1.5ம் அதற்கு மேலும், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு மருத்துவர் தனியாகப் பார்த்துக்கொள்வார். நம் ஊர்ப் பாட்டிகளில் பாதிப் பேர் 60 கிலோவுக்குக் கீழேதான் இருப்பார்கள். அது ஒன்று மட்டும் போதாது. எனவே மருத்துவரிடம் போகும்போது ஈ.சி.ஜி. தாளையும் மாத்திரை அட்டைகளையும் மட்டும் எடுத்துப்போனால் பற்றாது. எடையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்குள் எடுத்த கிரியேட்டினின் சீட்டையும் கொண்டுபோங்கள். 74 வயது, 52 கிலோ, கிரியேட்டினின் 0.9 என்று இருக்கிற ஒரு பாட்டிக்கு முழு அளவுதான்: காலையில் 5 மில்லிகிராம், இரவில் 5 மில்லிகிராம்.